கேம்பேடைத் தொடாமலேயே இரட்டை மோட்டார் படகு ஓடுகிறது, பின்னோக்கி வர மறுக்கிறது (காவேரிப்பட்டினம் ஏரி)

தென்பெண்ணைக்கரை

அனைவருக்கும் வணக்கம். என் தாய்மாமா காவேரிப்பட்டினத்துக்கு அருகே கே.ஆர்.பி. அணைக் கால்வாய் நீர் வந்து சேரும் ஓர் ஏரியில் மீன் குத்தகை எடுத்து, கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய மூன்றையும் வளர்த்து வருகிறார். சென்ற கோடையில் ஒரு நாள் விடியும் முன் மீன்கள் கூட்டமாக மேலே வந்து வாயைத் திறந்து தவித்தன. கரையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர எங்களால் எதுவும் செய்ய இயலவில்லை. இரவு முழுவதும் பாசியும் நீர்ச்செடிகளும் மீன்களும் ஆக்சிஜனைச் செலவழித்துக்கொண்டே இருப்பதால், நீரில் கரைந்த ஆக்சிஜன் விடியலுக்குச் சற்று முன்புதான் மிகக் குறைவாக இருக்கும். அந்த நேரத்தில் ஏரியின் நடுவில் அளவெடுத்தால்தான் பயன் உண்டு. இருட்டில் பரிசலில் ஓர் ஆளை அனுப்ப எனக்கு மனம் வராததால், அளவுக் கருவியைச் சுமந்து செல்ல ஒரு சிறு படகைக் கட்டினேன்.

இரண்டு ஆறு அங்குல பிவிசி குழாய்கள் மிதவைகளாக உள்ளன. மேலே ஒட்டுப்பலகைத் தளம். பின்னால் இடமும் வலமும் நீருக்கடியில் இயங்கும் ஒவ்வொரு பிரஷ்லெஸ் மோட்டார். மோட்டாரை இரு திசைகளிலும் ஓட்டக்கூடிய இஎஸ்சிகள் (வேகக் கட்டுப்பாட்டுக் கருவிகள்). 12 வோல்ட் பேட்டரி. சுக்கான் கிடையாது, இரு மோட்டார்களின் வேக வேறுபாட்டினால் மட்டுமே திரும்பும். கட்டுப்பாட்டுப் பலகையில் ஆர்டுபைலட் ரோவர் என்ற ஓட்டுநர் மென்பொருள் இருக்கிறது. கரையில் மடிக்கணினியில் கியூகிரவுண்ட்கண்ட்ரோல் என்ற தரைநிலைய மென்பொருள், அதில் யுஎஸ்பி கேம்பேட், மடிக்கணினிக்கும் படகுக்கும் இடையே வைஃபை இணைப்பு.

ஆர்ம் செய்தவுடன், அதாவது மோட்டார்கள் ஓட அனுமதி கொடுத்தவுடன், நான் எந்த ஸ்டிக்கையும் தொடாமல் இருக்கும்போதே படகு ஏறக்குறைய பாதி வேகத்தில் முன்னோக்கிப் பாய்கிறது. ஸ்டிக்கை முழுவதும் கீழே இழுத்துப் பிடித்தால் வேகம் குறைகிறதே தவிர, பின்னோக்கி வருவதே இல்லை. வலப்பக்கம் தள்ளினால் இடப்பக்கம் திரும்புகிறது. இடது ஸ்டிக்கைப் பக்கவாட்டில் எவ்வளவு தள்ளினாலும் எந்த விளைவும் இல்லை. இவை போதாதென்று, சில நேரங்களில் மோட்டார்கள் விட்டு விட்டுத் துடிக்கின்றன. கடந்த ஞாயிற்றுக்கிழமை கரையிலிருந்து சுமார் 80 மீட்டர் தொலைவில் இணைப்பு அறுந்தபோது, படகு நிற்காமல் அதே வேகத்தில் நேராகச் சென்று எதிர்க்கரையின் சம்பங்கோரைக்குள் புகுந்துவிட்டது. அங்கே யாரும் குளித்துக்கொண்டிருக்கவில்லை என்பதை நினைத்து இன்றும் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறேன்.

இஎஸ்சி பழுதா, கேம்பேட் பழுதா என்று தெரியாமல் இரண்டையும் மாற்றிப் பார்த்துவிட்டேன். எந்த மாற்றமும் இல்லை. வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பாலக்கோடு மின்பட்டறை

தம்பி, பொருள்களை மாற்றுவதை முதலில் நிறுத்துங்கள். இரண்டு இஎஸ்சியும் ஒரே நேரத்தில் ஒரே விதமாகப் பழுதாவது மிக அரிது. மோட்டார்கள் இரண்டும் ஒத்த வேகத்தில் முன்னோக்கி ஓடுகின்றன என்றால், அவற்றுக்கு அப்படி ஓடச் சொல்லித்தான் கட்டளை போகிறது என்று பொருள். அந்தக் கட்டளை எந்த இடத்தில் பிறக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

உங்கள் விரலுக்கும் விசிறிக்கும் இடையே நான்கு இணைப்புகள் உள்ளன. கேம்பேடின் அசைவு மடிக்கணினியில் ஓர் எண்ணாகிறது. அந்த எண் மாவ்லிங்க் என்ற தகவல் முறையில் செய்தியாகப் படகுக்குப் போகிறது. படகின் பலகை அதைச் சேனல் மதிப்பாக எடுத்துக்கொள்கிறது. பிறகு இரு மோட்டார்களுக்கும் பங்கிட்டு இஎஸ்சிக்குப் பல்ஸ் அகலமாக அனுப்புகிறது. இருதிசை இஎஸ்சிக்கு 1500 மைக்ரோ நொடி என்றால் நிற்க வேண்டும், அதற்கு மேல் முன்னோக்கு, கீழ் பின்னோக்கு. நான்கில் எது பிசகுகிறது என்பதை ஏரியில் கண்டுபிடிக்க முடியாது.

வீட்டில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் சிமெண்டுத் தொட்டி இருந்தால் படகின் பின்பகுதியை அதற்குள் இறக்கி, முன்பகுதியைக் கயிற்றால் இறுகக் கட்டுங்கள். இவ்வகை மோட்டார்களின் தாங்கிகளுக்குத் தண்ணீரே மசகு என்பதால் காற்றில் நெடுநேரம் ஓட்டாதீர்கள். பிறகு கியூகிரவுண்ட்கண்ட்ரோலின் பகுப்பாய்வுப் பிரிவில் மாவ்லிங்க் இன்ஸ்பெக்டரைத் திறந்தால் ஆர்சி சேனல்ஸ் என்ற செய்தியும் சர்வோ அவுட்புட் ரா என்ற செய்தியும் ஓடிக்கொண்டிருக்கும். முதலாவதில் 1 (திருப்பம்), 3 (வேகம்) ஆகிய சேனல்களையும், இரண்டாவதில் 1, 3 ஆகிய மோட்டார் வெளியீடுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டிக் நடுவில் இருக்கும்போது ஒரு முறை, முழு மேலே ஒரு முறை, முழு கீழே ஒரு முறை. மோட்டார் ஓடுவதைக் கண்ணால் பார்த்துச் சொல்லும் எதுவும் இப்போது வேண்டாம், எண்களை மட்டும் எழுதுங்கள்.

தென்பெண்ணைக்கரை

ஐயா சொன்னபடியே தொட்டியில் செய்தேன். ஸ்டிக் நடுவில் இருக்கும்போது மூன்றாம் சேனல் 1750. முழு மேலே 2000. முழு கீழே 1500. முதல் சேனல் நடுவில் சரியாக 1500 காட்டுகிறது. ஸ்டிக் நடுவில் இருக்க, ஆர்ம் செய்தால் இரண்டு வெளியீடுகளும் 1720-ஐ ஒட்டி நிற்கின்றன.

ஓசூர் நிரலாளர்

இந்த மூன்று எண்களே விடையைச் சொல்லிவிட்டன. 1500-லிருந்து 2000 வரை மட்டுமே உங்கள் ஸ்டிக் பயணிக்கிறது. அதன் நடுப்புள்ளி 1750. ஆகவே படகு தனக்கு வந்த கட்டளையைத் துல்லியமாக நிறைவேற்றுகிறது, கட்டளைதான் தவறு.

காரணம் இதுதான். கேம்பேடின் அசைவுகளைக் கியூகிரவுண்ட்கண்ட்ரோல் மேனுவல் கண்ட்ரோல் என்ற மாவ்லிங்க் செய்தியாக அனுப்புகிறது. அதில் இசட் என்ற இடம் திராட்டிலுக்கானது, அதாவது வேகக் கட்டளைக்கானது. பறக்கும் டிரோனுக்குத் திராட்டில் என்பது சுழியிலிருந்து முழுமை வரை மட்டுமே, பின்னோக்கு என்ற பேச்சே கிடையாது. ஆகவே "ஸ்டிக் முழுவதும் கீழே இருந்தால் சுழி" என்ற அமைப்பில், ஸ்டிக் கீழே இருக்கும்போது 0, நடுவில் 500, மேலே 1000 என்று அனுப்பப்படும். ஆனால் ஆர்டுபைலட் ரோவர் அதே இசட்டை −1000 முதல் 1000 வரையிலான எண்ணாகப் படிக்கிறது. 0 என்றால் நடுப்புள்ளி. உங்கள் சேனல் வரம்பு 1000 முதல் 2000 வரை என்று வைத்துக்கொண்டால், 500 என்ற எண் அதன் முக்கால் பங்கான 1750-இல் போய் விழும். நீங்கள் கண்டதும் அதுவே. ஒருவர் வாசலிலிருந்து அளக்கிறார், மற்றவர் கூடத்தின் நடுவிலிருந்து அளக்கிறார். அளவுகோல் ஒன்றாக இருந்தாலும் புள்ளி வேறு வேறு இடத்தில் விழுகிறது.

ஜாய்ஸ்டிக் அமைப்புப் பக்கத்தில் "ஸ்டிக் நடுவில் இருந்தால் திராட்டில் சுழி" என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதோடு நின்றுவிட்டால் நடுப்புள்ளி சரியாகும், ஆனால் அதற்குக் கீழே இழுப்பது எல்லாம் சுழியாகவே வெட்டப்படும். "நெகட்டிவ் திரஸ்ட்" என்பதையும் இயக்கினால்தான் பின்னோக்குக் கட்டளை உண்மையில் போகும். ரோவர் போன்ற சில வாகனங்களுக்கு மட்டுமே இந்த வசதி காட்டப்படும் என்பதால், படகை இணைத்த பிறகே அந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும்.

இடது ஸ்டிக்கின் பக்கவாட்டு அசைவு வேலை செய்யாததும் பழுது அன்று. அந்த அசைவு யா என்ற அச்சுக்குப் போகிறது. ரோவரோ திருப்பத்துக்கு ரோல் அச்சை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. ஒரே ஸ்டிக்கில் வேகத்தையும் திருப்பத்தையும் வைத்துக்கொள்ள விரும்பினால், கேம்பேடை அளவமைக்கும்போது மோட் 1-ஐத் தேர்ந்தெடுத்தால் இரண்டும் வலது ஸ்டிக்குக்கு வந்துவிடும், மோட் 4 என்றால் இடது ஸ்டிக்குக்கு வரும். அதிகாலைக் குளிரில் ஒரு கையில் டார்ச் பிடித்திருப்பவருக்கு இது பெரிய வசதி.

அரூர் அறிவியல் ஆசிரியை

இடையில் ஒரு செய்தியைச் சேர்க்க அனுமதியுங்கள், ஏனெனில் இதே அறிகுறியை நானும் வேறொரு காரணத்தால் சந்தித்தேன். எங்கள் மாணவியர் செய்த சிறு படகில் ஆர்டுபைலட் இல்லை; மடிக்கணினியில் பைகேம் என்ற பைத்தான் நூலகத்தைக் கொண்டு எழுதிய நிரல் கேம்பேடைப் படித்து, படகிலுள்ள இஎஸ்பி32 பலகைக்கு எண்களை அனுப்பும். வேகத்துக்கு வலப்பக்க விசையை, அதாவது டிரிகரை, வைத்திருந்தோம். அழுத்தாத டிரிகர் −1 என்றும் முழுவதும் அழுத்தியது +1 என்றும் வரும் என்பதால், ஒன்றைக் கூட்டி இரண்டால் வகுத்து வேகமாக்கினோம். ஆனால் நிரல் தொடங்கிய பின் அந்த டிரிகரை ஒரு முறையாவது தொடும் வரை பைகேம் அதன் மதிப்பை 0 என்றே தருகிறது. எங்கள் கணக்கில் அது பாதி வேகம். நிரலைத் தொடங்கியதும் படகு பாயும். டிரிகரை ஒரு முறை அழுத்தி விட்டால் அமைதியாகிவிடும். அதனால் பழுது வந்து வந்து போவதாக இரண்டு வாரங்கள் மயங்கினோம்.

இப்போது எங்கள் நிரலில், இரு டிரிகர்களும் ஒரு முறை அழுத்தி விடப்பட்டதைப் பார்த்த பிறகே மோட்டாருக்கு முதல் எண்ணை அனுப்புகிறோம். மற்றொன்று, ஸ்டிக்கை மேலே தள்ளினால் பைகேமில் −1 வரும். அதைத் திருப்பிப் போட மறந்தால் முன்னும் பின்னும் மாறிவிடும்.

தென்பெண்ணைக்கரை

ஓசூர் அண்ணாவுக்கு மிக்க நன்றி. இரண்டு அமைப்புகளையும் மாற்றியதும் மூன்றாம் சேனல் நடுவில் 1500, மேலே 2000, கீழே 1000 என்று வந்துவிட்டது. முதன்முறையாகப் படகு பின்னோக்கி நகர்ந்ததைப் பார்த்து மாமா தொட்டியின் விளிம்பைத் தட்டி ஆரவாரம் செய்தார்.

ஆனால் இரண்டு குறைகள் எஞ்சியுள்ளன. ஸ்டிக் நடுவில் இருந்தாலும், சேனல் மதிப்பு சரியாக 1500 என்று காட்டினாலும், விசிறிகள் மிக மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. திருப்பமும் இன்னும் எதிர்ப்பக்கமே. அதைச் சரிசெய்ய இரு மோட்டார்களின் திசையையும் அளவுருவில் திருப்பிப் பார்த்தேன்; திருப்பம் சரியானது, முன்னோக்கு பின்னோக்காகிவிட்டது. எதைத் தொட்டாலும் மற்றொன்று கெடுகிறது.

பாலக்கோடு மின்பட்டறை

மெதுவாகச் சுற்றுவதற்கு மூன்றாம் சேனலின் டிரிம் மதிப்பை, அதாவது நடுப்புள்ளியாகப் பதிந்துள்ள எண்ணை, பாருங்கள். இந்தப் பலகையை முன்பு ரேடியோ ரிமோட்டோடு அளவமைத்திருந்தால், அப்போதைய ஸ்டிக் நின்ற இடம் அதில் பதிந்திருக்கும். மோட்டாருக்குக் குறைந்தபட்ச வேகத்தை வகுக்கும் மோட் திராட்டில் மின் என்ற அளவுருவுக்கு என்ன கொடுத்திருக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

திருப்பத்தைப் பொறுத்தவரை, நீங்கள் இரண்டு தவறுகளைச் சேர்த்து ஒன்றைச் சரிசெய்திருக்கிறீர்கள். இதைப் பொறுமையாகப் பார்ப்போம், ஏனெனில் இரட்டை மோட்டார் கட்டுபவர்கள் எல்லாரும் தடுமாறும் இடம் இதுதான். பலகை இடது மோட்டாருக்கு வேகத்தோடு திருப்பத்தைக் கூட்டி அனுப்புகிறது, வலது மோட்டாருக்கு வேகத்திலிருந்து திருப்பத்தைக் கழித்து அனுப்புகிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் அறிகுறியே காரணத்தைக் காட்டும்.

முன்னோக்கு சரி, திருப்பம் மட்டும் எதிர்ப்பக்கம் என்றால், இடது வெளியீடு வலது மோட்டாருக்கும் வலது வெளியீடு இடது மோட்டாருக்கும் போகிறது. மோட்டாரின் சுழல் திசையில் எந்தக் குற்றமும் இல்லை. முன்னோக்கும் தவறு, திருப்பமும் தவறு என்றால், இணைப்பிடம் சரி, இரு மோட்டார்களும் தலைகீழாகச் சுற்றுகின்றன. முன்னோக்கு தவறு, திருப்பம் மட்டும் சரி என்றால் இரண்டு பிழைகளும் ஒரு சேர இருக்கின்றன. தம்பி இப்போது நிற்கும் இடம் இதுதான். ஸ்டிக்கை முன்னே தள்ளினால் படகு தன்னைத்தானே சுற்றுகிறது, பக்கவாட்டில் தள்ளினால் நேராகப் போகிறது என்றால் ஒரே ஒரு மோட்டார் தலைகீழ். எது என்று அறிய, ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளுங்கள்: படகு முன்னே போனால் வலது மோட்டார், பின்னே போனால் இடது மோட்டார்.

ஆகவே நீங்கள் திசையை மாற்றியதைப் பழையபடி ஆக்கிவிட்டு, சர்வோ1 ஃபங்ஷனுக்கும் சர்வோ3 ஃபங்ஷனுக்கும் உள்ள 73, 74 ஆகிய எண்களை இடம் மாற்றுங்கள். 73 என்பது இடது திராட்டில், 74 என்பது வலது. அல்லது பலகையில் இரு சிக்னல் கம்பிகளையும் இடம் மாற்றிச் செருகினால் போதும். நான் இரண்டாவதையே விரும்புவேன், ஏனெனில் பலகையை மாற்றி அளவுருக்களை மறுபடி ஏற்றும் நாளில் கம்பி பேசாமல் அப்படியே இருக்கும். பிரஷ்லெஸ் மோட்டார் ஒன்றின் திசையை மாற்ற நேர்ந்தால், மூன்று கம்பிகளில் ஏதேனும் இரண்டை இடம் மாற்றுங்கள்.

தென்பெண்ணைக்கரை

டிரிம் 1440 என்று இருந்தது. மோட் திராட்டில் மின் 8. பலகை நண்பர் ஒருவரிடமிருந்து வாங்கியது. அவர் தம் ரிமோட்டில் அளவமைத்திருக்கிறார்.

பாலக்கோடு மின்பட்டறை

கணக்கு ஒத்துப்போகிறது. கேம்பேடின் நடுப்புள்ளி சேனலின் கீழ்வரம்புக்கும் மேல்வரம்புக்கும் சரிபாதியில், அதாவது 1500-இல் விழுகிறது. பலகையோ 1440-ஐ நிற்கும் இடமாக எண்ணிக்கொண்டிருக்கிறது. சிறு அசைவுகளைப் பலகை பொருட்படுத்தாத உணர்வற்ற பகுதிக்கு 30 போனாலும் இன்னும் 30 மீதமிருக்கிறது. சிறிதளவு முன்னோக்கு என்று பலகை புரிந்துகொள்கிறது. அந்தச் சிறிதளவு தனியாக இருந்தால் மோட்டார் அசைந்திருக்காது. ஆனால் திராட்டில் மின் 8 என்று கொடுத்திருப்பதால், எவ்வளவு சிறிய கட்டளையும் எட்டு விழுக்காட்டுக்கு மேல் ஏற்றப்படுகிறது. டிரிமை 1500 ஆக்குங்கள். 8-ஐ அப்படியே வைத்திருங்கள், அது இஎஸ்சியின் மந்தப் பகுதியைத் தாண்டத் தேவை.

பென்னாகரம் துடுப்பு

படகு எதிர்க்கரைக்கு ஓடிய செய்தியைத்தான் நான் முதலில் பேச வந்தேன். மற்றவை எல்லாம் அதற்குப் பின்னால் வர வேண்டியவை. எங்கள் ஒகேனக்கல் பக்கத்தில் பரிசல்காரர் துடுப்பை நீரிலிருந்து எடுத்துவிட்டால் பரிசல் தன் சொந்த விருப்பத்தில் பாய்வதில்லை, நீரோட்டம் இழுத்த இழுப்புக்குத்தான் போகும். மோட்டார் படகு அப்படியன்று. கடைசியாகக் கேட்ட சொல்லையே பிடித்துக்கொண்டு ஓடக்கூடியது. ஆர்சி ஓவர்ரைட் டைம் என்ற அளவுருவுக்கு உங்கள் படகில் என்ன மதிப்பு இருக்கிறது?

தென்பெண்ணைக்கரை

−1 என்று இருக்கிறது. கேம்பேடு அடிக்கடி செயலற்றுப் போவதாக முதலில் தோன்றியதால், ஒரு காணொளியைப் பார்த்து அப்படி வைத்தேன். ரிசீவர் இல்லாததால் வந்துகொண்டிருந்த எச்சரிக்கையை நிறுத்துவதற்காக திராட்டில் ஃபெயில்சேஃபையும் (கட்டளை நின்றுபோனால் படகைக் காக்கும் ஏற்பாடு) அணைத்துவிட்டேன். தரைநிலைய ஃபெயில்சேஃப் தொடக்கத்திலிருந்தே அணைந்துதான் இருந்தது.

பென்னாகரம் துடுப்பு

அப்படியானால் காரணம் முழுவதும் கிடைத்துவிட்டது. கேம்பேடிலிருந்து வரும் கட்டளை எத்தனை நொடிகளுக்குச் செல்லும் என்பதை அந்த அளவுரு தீர்மானிக்கிறது. இயல்பு மதிப்பு 3 நொடி. −1 என்றால் காலாவதியே கிடையாது. இணைப்பு அறுந்தபோது உங்கள் படகு கடைசியாகப் பெற்றது பாதி வேக முன்னோக்குக் கட்டளை. அதையே பேட்டரி தீரும் வரை நிறைவேற்றியிருக்கும். கோரை தடுத்து நிறுத்தியது. அதை 1 நொடியாக்குங்கள், இரண்டு ஃபெயில்சேஃப்களையும் இயக்குங்கள், அதற்குப் பிறகே ஏரிக்கு எடுத்துச் செல்லுங்கள். இதை வேண்டுகோளாக அன்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். மாடு குளிப்பாட்டும் துறையும் பிள்ளைகள் நீந்தும் இடமும் இல்லாத ஏரி நம் மாவட்டங்களில் இல்லை.

இணைப்பு அறுவது என்பது ஒரே நிகழ்ச்சி அன்று என்பதையும் கவனியுங்கள். வைஃபை அறுந்தால் தரைநிலையத்தின் இதயத்துடிப்புச் செய்தி நின்றுபோகும், தரைநிலைய ஃபெயில்சேஃப் அதைக் கண்டுகொள்ளும். ஆனால் கேம்பேடின் யுஎஸ்பி கம்பி மட்டும் கழன்றால், மடிக்கணினி இதயத்துடிப்பை அனுப்பிக்கொண்டே இருக்கும். படகைப் பொறுத்தவரை தரைநிலையம் நலமாகவே இருக்கிறது. அந்த நிலையில் ஓவர்ரைட் காலாவதியும் திராட்டில் ஃபெயில்சேஃபும்தான் காப்பாற்ற வேண்டும். ஆகவே தொட்டியில் மூன்று சோதனைகளையும் தனித்தனியே செய்யுங்கள்: கேம்பேடைக் கழற்றுங்கள், மென்பொருளை மூடுங்கள், படகின் வைஃபையை அணையுங்கள். மூன்றிலும் மோட்டார் நிற்கும் வரை நொடிகளை எண்ணி எழுதுங்கள்.

தென்பெண்ணைக்கரை

சோதனை செய்தேன். கேம்பேடைக் கழற்றினால் இரண்டு நொடிக்குள் நிற்கிறது. வைஃபையை அணைத்தாலும் நிற்கிறது. ஆனால் மடிக்கணினியில் மென்பொருளை மூடினால் மட்டும் தரைநிலைய ஃபெயில்சேஃப் இயங்குவதில்லை. மோட்டார் துடித்துத் துடித்துப் பிறகு சும்மா இருக்கிறது, எந்த எச்சரிக்கையும் வரவில்லை. முதல் பதிவில் நான் சொன்ன அந்தத் துடிப்பும் இன்னும் போகவில்லை.

ஓசூர் நிரலாளர்

அந்த வைஃபையில் வேறு ஏதேனும் கருவி இணைந்திருக்கிறதா?

தென்பெண்ணைக்கரை

மாமாவின் செல்பேசி இணைந்திருக்கிறது. வரைபடத்தில் படகு எங்கே இருக்கிறது என்று பார்ப்பதற்காக அவரும் அதே செயலியை வைத்திருக்கிறார்.

ஓசூர் நிரலாளர்

மாமாவின் செல்பேசியில் திரையிலேயே தோன்றும் விர்ச்சுவல் ஜாய்ஸ்டிக் இயக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால், அவர் தொடாவிட்டாலும் அது "நடுவில் இரு" என்ற கட்டளையை நொடிக்குப் பலமுறை அனுப்பிக்கொண்டிருக்கும். மடிக்கணினியும் செல்பேசியும் இயல்பாகவே 255 என்ற ஒரே அடையாள எண்ணைச் சொல்லித்தான் பேசுகின்றன. படகுக்கு இருவரும் ஒருவரே. நீங்கள் "போ" என்கிறீர்கள், அடுத்த கணம் அவர் "நில்" என்கிறார், மீண்டும் நீங்கள் "போ" என்கிறீர்கள். அதுவே துடிப்பு. மடிக்கணினியை மூடினாலும் செல்பேசியின் இதயத்துடிப்பு அதே எண்ணில் வந்துகொண்டிருப்பதால், தரைநிலையம் உயிரோடு இருப்பதாகப் படகு நம்புகிறது. உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் இது ஒன்றே விடை.

விர்ச்சுவல் ஜாய்ஸ்டிக்கை அணைத்துவிட்டு, செல்பேசியின் மாவ்லிங்க் அமைப்பில் தரைநிலைய எண்ணை 254 ஆக்குங்கள். அவர் தொடர்ந்து வரைபடத்தைப் பார்க்கலாம். அவருடைய சொல் படகின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தாது.

தென்பெண்ணைக்கரை

அப்படியேதான் இருந்தது. விர்ச்சுவல் ஜாய்ஸ்டிக்கை அணைத்தவுடன் துடிப்பு முழுவதும் நின்றுவிட்டது. எண்ணை மாற்றிய பின் மூன்றாவது சோதனையிலும் ஃபெயில்சேஃப் சரியாக இயங்கி, படகு ஹோல்டுக்குப் போகிறது.

இப்போது வேறொரு கவலை. ஹோல்டு என்றால் மோட்டார் நிற்குமே தவிர, படகு இருக்கும் இடத்தில் நிற்காது. இது ஆடி மாதம். காற்று அடிக்கிற வேகத்தில் படகு சில நிமிடங்களில் மாமா கட்டியிருக்கும் வலைக்குள் போய்விடும். ஆகவே ஃபெயில்சேஃபின் செயலை ஆர்டிஎல் என்று வைத்து, தானாகவே கரைக்குத் திரும்பச் செய்யலாமா?

பாலக்கோடு மின்பட்டறை

நான் ஹோல்டையே ஆதரிக்கிறேன். நின்றுவிட்ட விசிறி யாரையும் வெட்டாது. காற்றில் மிதந்து வந்தால் போய் எடுத்துக்கொள்ளலாம்.

பென்னாகரம் துடுப்பு

ஐயா சொல்வது பகலில் பொருந்தும். இவர் போவதோ விடியும் முன். இருட்டில் வலையருகே மிதக்கும் படகை எடுக்க மறுபடியும் ஒருவர் பரிசலில் போக வேண்டியிருக்கும். எதைத் தவிர்ப்பதற்காக இந்தப் படகு கட்டப்பட்டதோ அதுவே நேர்ந்துவிடும். எனினும் ஆர்டிஎல்லும் சரிவராது, ஏனெனில் அது புறப்பட்ட இடத்துக்கு நேர்க்கோட்டில் வரும். இடையில் வலை இருப்பது அதற்குத் தெரியாது. ஸ்மார்ட் ஆர்டிஎல் என்ற முறை, படகு போன தடத்தையே பதிந்து வைத்துக்கொண்டு அதே தடத்தில் திரும்பி வரும். நீங்கள் வலையைச் சுற்றிக்கொண்டு போயிருந்தால், அதுவும் வலையைச் சுற்றிக்கொண்டே வரும். ஃபெயில்சேஃப் செயலுக்கு 4 என்று கொடுத்தால், முதலில் ஸ்மார்ட் ஆர்டிஎல்லை முயன்று, இயலாவிட்டால் ஹோல்டுக்குப் போகும். இதற்கு ஜிபிஎஸ்ஸும் திசைகாட்டியும் சரியாக இருக்க வேண்டும். திசைகாட்டியை மோட்டார் மின்கம்பிகளுக்கு மேலே ஒரு குச்சியில் உயர்த்தி வையுங்கள்.

பாலக்கோடு மின்பட்டறை

தடத்தையே திரும்பப் பிடிக்கும் என்றால் என் மறுப்பை விலக்கிக்கொள்கிறேன். ஆனால் ஒன்று: புறப்படும் துறையில் யாரும் நீரில் இறங்கி நிற்கக் கூடாது, தானாகத் திரும்பும் படகு ஆளைப் பார்த்து ஒதுங்காது.

80 மீட்டரில் இணைப்பு அறுந்ததையும் விட்டுவிட வேண்டாம். ஆன்டெனா தளத்தின் மேல் படுத்திருக்கிறதா? நீர்ப்பரப்பை ஒட்டிப் போகும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை விரைவில் வலுவிழக்கும். ஒரு மீட்டர் உயரப் பிவிசி குச்சியின் உச்சியில் நிமிர்த்திக் கட்டுங்கள், கரையிலுள்ளதையும் ஏரிக்கரை மேட்டின் மேல் வையுங்கள்.

தென்பெண்ணைக்கரை

இரண்டு வாரங்களுக்குப் பின் எழுதுகிறேன். ஆன்டெனாவை உயர்த்திய பின் 200 மீட்டர் வரை ஒரு முறையும் அறுபடவில்லை. முதல் நாள் படகு இடப்பக்கமாக இழுத்தது. மீண்டும் அளவுருக்களைத் திறக்கப் போனேன், பிறகு பாலக்கோடு ஐயா சொன்னபடி எண்களைப் பார்த்தேன். இரு வெளியீடுகளும் சமமாக இருந்தன. படகைத் தூக்கிப் பார்த்தால் இடது விசிறியில் வேலம்பாசி கயிறாகச் சுற்றியிருந்தது. இப்போது ஒவ்வொரு முறை திரும்பியதும் விசிறிகளைக் கையால் துடைக்கிறேன்.

நின்ற இடத்திலேயே திரும்பும்போது படகு சற்று முன்னோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. விசிறியின் அமைப்பினால் பின்னோக்கு உந்துவிசை முன்னோக்கைவிடக் குறைவாக இருப்பதே காரணம் என்று படித்து, மோட் திரஸ்ட் அசிம் என்ற அளவுருவை 1-லிருந்து சிறிது சிறிதாக உயர்த்தி 1.4-இல் நிறுத்தினேன். அங்கே படகு தன் மையத்திலேயே சுற்றுகிறது.

நேற்று காலை 5.20 மணிக்கு மாமாவும் நானும் துறையில் இறங்கினோம். படகு வலையின் வடகோடியைச் சுற்றிக்கொண்டு நடு ஏரிக்குப் போன பிறகு, மாமா பார்த்துக்கொண்டிருக்கும்போதே கேம்பேடின் கம்பியைப் பிடுங்கினேன். மோட்டார்கள் ஓசையடங்கி, சிவப்பு விளக்கு ஓரிரு நொடி அதே இடத்தில் ஆடிக்கொண்டிருந்தது. பிறகு மெல்லத் திரும்பி, போன வழியிலேயே வடகோடியைச் சுற்றி வரத் தொடங்கியது. பாதி வழியில் கம்பியைச் செருகி மேனுவலுக்கு மாற்றி, மீண்டும் நடுவுக்கு ஓட்டிச் சென்று அளவெடுத்தேன். லிட்டருக்கு 2.8 மில்லிகிராம் என்று வந்தது. மாமா அந்த எண்ணை இரண்டு முறை கேட்டார். ஆக்சிஜன் இவ்வளவு குறைவாக இருக்கும்போது தீவனம் வேண்டாம் என்று, கரையில் இறக்கி வைத்திருந்த தவிட்டு மூட்டையையும் கடலைப் பிண்ணாக்கையும் திரும்ப வண்டியில் ஏற்றச் சொல்லிவிட்டார்.

பென்னாகரம் துடுப்பு

நன்றாகச் செய்தீர்கள். நாளை அதே நேரத்தில் அதே இடத்தில் எடுக்கும் அளவையும் இங்கே எழுதுங்கள்.

தென்பெண்ணைக்கரை

இன்று காலை 5.25-க்கு 3.4. மேகம் விலகியிருந்தது, காற்றும் அடித்தது. தீவனம் வழக்கத்தில் பாதி மட்டும் போட்டோம்.